எவன் வந்தாலும் இப்படித்தானா? முதலில் எம்-புக்கைக் கேளுங்கள்

நெல்லைப் பக்கம், களக்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையோ வண்ணார்பேட்டை பைபாஸோ, நாலு பையன்கள் நிற்கிற இடத்தில் அரசியல் பேச்சை எடுத்தால் அது கடைசியில் வந்து சேருகிற இடம் ஒன்றுதான்: "எவன் வந்தாலும் இப்படித்தான் அண்ணாச்சி, விடுங்க." இப்படிச் சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் கிடையாது. பட்டாவில் பேர் மாற்ற அப்பா தாலுகா ஆபீசுக்கு அலைந்ததைப் பார்த்தவர்கள், ஓட்டுக்கு முந்தின ராத்திரி தெருவில் கவர் வந்ததைப் பார்த்தவர்கள், 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்த ஏறக்குறைய 4 கோடி ரூபாய் தாம்பரத்தில் பிடிபட்ட செய்தியை போனில் படித்துவிட்டு "பிடிபட்டது இவ்வளவு, பிடிபடாதது எவ்வளவோ" என்று சிரித்தவர்கள். சலித்துப் போனதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

என் வருத்தம் வேறு. ஊழல் என்றதும் நம் மனசு உடனே சென்னைக்கும் டெல்லிக்கும் போய்விடுகிறது. மந்திரி, ஆயிரம் கோடி, வெளிநாட்டு வங்கி. அங்கே நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் எங்கேயுமே ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த நேரத்தில் நம் வீட்டு வாசலில் போட்ட சிமெண்ட் ரோடு ஆறு மாதத்தில் பெயர்ந்து கிடக்கிறது, அதற்கு யார் கையெழுத்துப் போட்டார் என்று கேட்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ரோட்டில் பணம் எப்படிக் காணாமல் போகிறது, அது எந்தக் காகிதத்தில் பதிவாகிறது, அந்தக் காகிதத்தை ஒரு சாதாரண ஆள் எப்படிக் கேட்டு வாங்குவது, இதைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்லப்போகிறேன். ஏற்கெனவே மனுப் போட்டுப் பழகியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணம் போகிற வழி

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். உங்கள் தெருவில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் சிமெண்ட் ரோடு. முதலில் எஸ்டிமேட் போடுவார்கள், அதாவது மதிப்பீடு. நீளம், அகலம், கனம், கலவை விகிதம், மொத்தத் தொகை எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு. காண்ட்ராக்டர் வேலையை முடித்ததும் ஓவர்சியரோ உதவிப் பொறியாளரோ வந்து டேப் பிடித்து அளந்து ஒரு புத்தகத்தில் எழுதுவார். அதன் பெயர் அளவுப் புத்தகம், ஆபீஸ் பேச்சில் எம்-புக். அவருக்கு மேலே உள்ள பொறியாளர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதை வைத்துத்தான் பில், பில்லை வைத்துத்தான் பணம்.

இப்போது எஸ்டிமேட்டில் கனம் 15 சென்டிமீட்டர் என்று இருக்கிறது, போட்டது 10 சென்டிமீட்டர்தான் என்று வையுங்கள். 45 கன மீட்டர் கான்கிரீட் விழ வேண்டிய இடத்தில் 30 கன மீட்டர்தான் விழுந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு காலி. மேலே நின்று பார்த்தால் புது ரோடு பளபளவென்றுதான் இருக்கும், ரிப்பன் வெட்டிப் போட்டோவும் எடுத்திருப்பார்கள். எம்-புக்கில் 15 என்று எழுதிக் கையெழுத்தாகிவிட்டால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்த ரோடு 15 சென்டிமீட்டர்தான். அந்த ஒரு வரிக்காகத்தான் கமிஷன், பர்சன்டேஜ், கட்டிங் என்று ஊருக்கு ஒரு பெயரில் பணம் கைமாறுகிறது. காண்ட்ராக்டர் ஒருத்தர் மட்டும் தின்றார் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை எடுக்கும்போதே யாருக்கு எவ்வளவு என்று பேசி முடித்திருந்தால், அந்தக் காசை அவர் ஜல்லியிலும் சிமெண்டிலும்தான் எடுத்தாக வேண்டும். ஓட்டுக்கு முந்தின ராத்திரி உங்கள் வீட்டுக்கு வந்த கவரும் திரும்ப வசூலாவது இந்த மாதிரி இடங்களில்தான்.

ரோடாவது பரவாயில்லை, எப்போது வேண்டுமானாலும் ஓரத்தில் வெட்டிப் பார்த்துக் கனத்தை அளக்கலாம். நம்ம பக்கத்தில் பெரிய விஷயம் குளம். தூர்வாருகிற வேலைக்கு அளவு என்பது வெட்டியெடுத்த மண்ணின் கன அளவு. வேலை ஆரம்பிக்கும் முன் குளத்தின் தரைமட்டத்தை லெவல் எடுத்து எழுத வேண்டும், முடிந்தபின் மறுபடி எடுக்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பில். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்து, குளம் பெருகிக் கலிங்கில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யார் போய் அளப்பது? மானூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளத்தில் புரட்டாசி கடைசியில் அவசர அவசரமாக ஜேசிபி இறங்கினால் கொஞ்சம் சந்தேகப்படுவதில் தப்பில்லை. (நிதி தாமதமாக வந்ததும் காரணமாக இருக்கலாம், எல்லாரும் திருடன் என்று நானும் சொல்லிவிடக் கூடாது.) வெட்டிய மண் கரைக்குப் போனதா செங்கல் சூளைக்குப் போனதா என்பது இன்னொரு கதை. ஆனால் முன்னால் எடுத்த லெவல் என்ன, பின்னால் எடுத்த லெவல் என்ன, எந்தத் தேதியில் எடுத்தார்கள், இந்த மூன்றும் ஒரு காகிதத்தில் இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் பில் பாஸாகியிருக்க முடியாது. திருட்டுக் கணக்குக்கும் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும், நமக்குப் பிடி அங்கேதான் இருக்கிறது.

காகிதத்தைக் கேட்கிற உரிமை எங்கிருந்து வந்தது

2005-ல் நிறைவேறி, அந்த வருடம் அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதற்கு எட்டு வருடம் முன்பே, 1997-ல், இந்தியாவிலேயே முதல் மாநிலமாக இப்படி ஒரு சட்டம் போட்டது தமிழ்நாடுதான் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. என்ன, அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள் ஏராளம், அதை வைத்துப் பெரிதாக எதையும் பிடுங்க முடியவில்லை.

இன்றைக்கு நம் கையில் இருக்கிற சட்டத்துக்கு வேர் ராஜஸ்தானில் இருக்கிறது. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போன அருணா ராய் (சென்னையில் பிறந்தவர்) சிலரோடு சேர்ந்து 1990-ல் கூலி வேலைக்காரர்களையும் சிறு விவசாயிகளையும் கொண்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பை ஆரம்பித்தார். வறட்சி நிவாரண வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படி உள்ள கூலி வரவில்லை. ஏன் என்று கேட்டால் "மஸ்டர் ரோலில் (யார் எத்தனை நாள் வேலை பார்த்தார், என்ன கூலி என்று எழுதுகிற பட்டியல்) இப்படித்தான் இருக்கிறது" என்று பதில். சரி, அந்த மஸ்டர் ரோலைக் காட்டு என்று கேட்டதுதான் ஆரம்பம். 1994 முதல் ஊர் நடுவில் பந்தல் போட்டு, கிடைத்த மஸ்டர் ரோல்களையும் பில்களையும் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார்கள். செத்துப் போனவர் பேரில் கூலி, ஊரைவிட்டுப் போனவர் பேரில் கூலி, கட்டாத கட்டிடத்துக்குப் பில். வாசிக்க வாசிக்க ஜனங்கள் எழுந்து "இது பொய்" என்று சொன்னார்கள். 1996-ல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான் கோஷம். அதில் நிறையப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டிகிரி முடித்து, போனிலேயே பேங்க் வேலை பார்க்கிற நாம் "நம்மால் என்ன ஆகும்" என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவது இதனால்தான்.

மனு எழுதுவது

வெள்ளைத் தாள் போதும், தமிழில் எழுதலாம், இன்ன வார்த்தையில்தான் எழுத வேண்டும் என்று கிடையாது. ஊராட்சி வேலை என்றால் மேலே "பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம் (கிராம ஊராட்சி)" என்று போட்டு எந்த ஒன்றியமோ அதை எழுதுங்கள். பாளையங்கோட்டையோ பாப்பாக்குடியோ வள்ளியூரோ, யூனியன் ஆபீஸ் உங்களுக்கே தெரியும். மாநகராட்சி என்றால் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலர், குளம் பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையுடையது என்றால் அங்கே. தப்பான ஆபீசுக்குப் போட்டாலும் குடி முழுகிப் போகாது, சரியான ஆபீசுக்கு ஐந்து நாளில் அவர்களே அனுப்பி வைக்க வேண்டும் என்று சட்டத்தின் 6(3) சொல்கிறது. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்பு வாங்கி ஒட்ட வேண்டும். தாலுகா ஆபீஸ், கோர்ட் பக்கத்தில் ஸ்டாம்பு வெண்டர் வைத்திருப்பார். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

என்ன கேட்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். "எங்கள் தெரு ரோடு ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது? இதற்கு யார் பொறுப்பு? நடவடிக்கை எடுப்பீர்களா?" என்று எழுதினால் "தாங்கள் கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரு வரிப் பதில் வரும், சட்டப்படி அது சரியும்கூட. ஏன், எதற்கு என்று விளக்கம் சொல்ல அவர் கடமைப்பட்டவர் இல்லை. ஆபீசில் இருக்கிற காகிதத்தைக் கொடுக்கத்தான் கடமைப்பட்டவர். அதனால் கோபத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, எழவு வீட்டில் மொய் எழுதுகிறவர் மாதிரி நிதானமாக எழுதுங்கள்: "2024-25 நிதியாண்டில் இன்ன ஊராட்சி, இன்ன தெருவில் போடப்பட்ட சிமெண்ட் சாலைப் பணிக்கான மதிப்பீட்டின் நகல், வேலை உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்கான பக்கங்களின் நகல், இறுதிப் பில்லின் நகல், பணம் வழங்கப்பட்ட தேதி ஆகியவற்றை வழங்கவும்." அவ்வளவுதான். ஒரு மனுவில் ஒரு வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். பத்து வருடத்துக் கணக்கை மொத்தமாகக் கேட்டால் "அலுவலகப் பணி பாதிக்கும்" என்று ஒதுக்க அவர்களுக்கு வசதியாகப் போய்விடும்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதே இல்லை, 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. "எதுக்குப்பா உனக்கு இதெல்லாம்" என்று கேட்டால் அந்தப் பிரிவை மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். நகல் மட்டும் போதாது என்றால் கோப்பை நேரில் பார்க்கவும், வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரி கேட்கவும் 2(ஜே) பிரிவில் இடமிருக்கிறது. ரோட்டில் ஒரு துண்டு வெட்டிக் கொடு என்று கேட்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நேரில் கொடுத்தால் முத்திரை போட்ட நகல் வாங்குங்கள், தபால் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊருக்குப் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் வருகிறவர்கள் அங்கிருந்தே போடலாம். ஊரில் இருக்கிறவரைவிட அவர்களுக்குத் தைரியமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை, அல்லது வந்தது அரைகுறை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் மேலே உள்ள அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, இதற்குக் கட்டணம் இல்லை. அவர் 30 நாளில், மிஞ்சிப் போனால் 45 நாளில் முடிக்க வேண்டும். அதுவும் ஆகவில்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காலம் கடத்திய அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, அது அவர் சம்பளத்திலிருந்து போகிற காசு. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், ஆணையத்தில் வழக்கு எடுக்கப்பட நாள் ஆகும், நிறைய நாள் ஆகும், இந்த இடத்தில்தான் பாதிப் பேர் கழன்று கொள்கிறார்கள். சிலருக்குப் பதில் வருகிறது, அதில் "தனிநபர் தகவல்" என்று மறுத்திருக்கிறார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விதிவிலக்கை முன்னைவிட அகலப்படுத்திவிட்டது, அது நல்லதற்கில்லை என்பது என் கருத்து. இருந்தாலும் ஒரு பொது ரோட்டின் கனம் யாருடைய தனிப்பட்ட விஷயமும் கிடையாது, மேல்முறையீட்டில் அதையே எழுதுங்கள்.

மனு போடாமலே பார்க்கக்கூடியதும் இருக்கிறது. கிராம ஊராட்சிகளின் திட்டமும் செலவும் ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊர்வாரியாக இருக்கிறது. போனில் இன்று ராத்திரியே பார்க்கலாம். உங்கள் ஊரில் இல்லாத ஒரு வாறுகால் (சாக்கடை) அங்கே இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

காகிதம் வந்தபின்

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள், இரண்டு மூன்று பேராக, பகலில். சரியாக இருந்தால் சரியாக இருக்கிறது என்று ஊரில் சொல்லவும் வேண்டும், அதுவும் நம் வேலைதான். ஒழுங்காக வேலை பார்த்த ஊராட்சித் தலைவருக்கு அந்த மரியாதையைக் கொடுக்காவிட்டால் அடுத்த தடவை அவர் ஏன் ஒழுங்காகப் பார்க்க வேண்டும்? வித்தியாசம் இருந்தால், அதைக் கொண்டு போய் வைக்கச் சரியான இடம் கிராம சபை.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற ஒவ்வொருவரும் உறுப்பினர். அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் கொடுத்த இடம் இது, யாரும் நம்மை அழைத்து வெற்றிலை பாக்கு வைக்க வேண்டியதில்லை. நடப்பு என்னவென்றால், காலையில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், நூறுநாள் வேலைக்காரப் பெண்களிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கியிருப்பார்கள், தீர்மானம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும், டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். இளைஞர்கள் கிரிக்கெட் மைதானத்தில். அந்தக் கூட்டத்தில் நாலு பேர் எழுந்து, எம்-புக் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் 15 என்று இருக்கிறது, நாங்கள் அளந்தது 10, எங்கள் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள்" என்று கேட்டால் கூட்டத்தின் நிறமே மாறிவிடும். சத்தம் போட வேண்டாம். பதிவு செய்யச் சொல்லிவிட்டு, பதிவானதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாநகராட்சியில் இருக்கிறவர்களுக்கும் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. நெல்லை மாநகராட்சியில் 55 வார்டு இருக்கிறது, உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த பகுதி சபை எப்போது என்று கேட்பதே ஒரு நல்ல தொடக்கம்.

சபை என்றதும் எல்லாரும் சோழர் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்வார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய சொந்தக்காரரும் வாரியத்துக்குத் தேர்வாக முடியாது என்று அதில் வெட்டியிருக்கிறது, இன்றைய தேர்தல் சட்டத்தில்கூட அவ்வளவு கறார் கிடையாது. ஆனால் அதற்கும் நூறு வருடத்துக்கு மேல் முந்தியது நம்ம மானூர்க் கல்வெட்டு. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில் இருக்கிற அதே மானூர்தான். மாறஞ்சடையன் என்ற பாண்டிய மன்னன் காலத்தில் வெட்டியது, ஊர்ச் சபைக்கு யார் உறுப்பினராகலாம் என்று விதி சொல்கிறது. அதில் எனக்குப் பிடித்த இடம், எந்தத் தீர்மானம் வந்தாலும் "இல்லை, இல்லை" என்று குறுக்கே நிற்கிறவருக்கு ஐந்து காசு தண்டம். இன்றைக்கு அதை அமல்படுத்தினால் நம்ம டீக்கடைகளில் பாதி திவாலாகிவிடும். ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம், அந்தச் சபை நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை, உழுதவனுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. 18 வயதான எல்லாருக்கும் இடமிருக்கிற சபை இப்போதுதான் வந்திருக்கிறது, அதற்குத்தான் நாம் போக மாட்டேன் என்கிறோம்.

கிராம சபையில் கேட்டும் நடக்கவில்லையென்றால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு, அப்புறம் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை, பேச்சில் லஞ்ச ஒழிப்புத் துறை. ஆவணத்தோடு போகிற புகாருக்கும் வாய்ப் புகாருக்கும் அங்கே வித்தியாசம் உண்டு.

நேரடி லஞ்சம் வேறு

பட்டாவுக்கு, சான்றிதழுக்கு, மின் இணைப்புக்கு என்று உங்களிடமே பணம் கேட்டால் மனு போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் ஒரு மாற்றம் வந்தது: கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தில் கொடுத்தேன் என்றால் 7 நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லியிருக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர்கள் ஏற்பாட்டில் கொடுத்தால் குற்றமில்லை. பேப்பரில் "ரசாயனம் தடவிய நோட்டு" என்று படித்திருப்பீர்களே, அது பினாப்தலின் என்ற வெள்ளைத் தூள். அந்த நோட்டைத் தொட்டவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும், பிளஸ் டூ ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்தவர்களுக்குத் தெரிந்த நிறம்தான். புகார் கொடுத்தவரின் சொந்த வேலை அதன்பின் இழுத்தடிக்கும் என்ற பயம் நியாயமானது, ஆனால் அந்த ஆபீசில் கொஞ்ச நாளைக்காவது எல்லாருக்கும் வேலை வேகமாக நடக்கும்.

பயம்

இதைச் சொல்லாமல் "எழுந்து நில்லுங்கள்" என்று எழுதுவது அயோக்கியத்தனம். 2023 ஏப்ரல் 25-ல் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவர் ஆபீசிலேயே வைத்து வெட்டிக் கொன்றார்கள். ஆற்று மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததுதான் காரணம். நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் இருக்கிற ஊர், அதே தாமிரபரணி. அந்த வருடமே இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, ஆனால் போன உயிர் போனதுதான். ஊழலை வெளியே சொல்கிறவர்களைக் காப்பாற்ற 2014-ல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள், அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அரசு ஆபீசில் எல்லாருமே திருடர்கள் என்று சொல்லும்போது அந்த மனிதரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

அதனால் யோசித்து இறங்குங்கள். மணல், குவாரி மாதிரி பெரிய பணமும் அடியாட்களும் இருக்கிற விஷயத்தில் தனி ஆளாக, அதுவும் முதல் மனுவாக, கை வைக்காதீர்கள். தெரு ரோடு, வாறுகால், தெருவிளக்கு, பள்ளிக்கூடக் கழிப்பறை என்று ஆரம்பியுங்கள். நாலு பேர் சேர்ந்து, நாலு பேர் பெயரிலும் தனித்தனி மனுவாக, ஒரே வேலையின் வெவ்வேறு காகிதத்தைக் கேளுங்கள், அப்போது யாரைத் தனியாக மிரட்டுவது என்று தெரியாது. மனுவில் தபால் வருகிற முகவரி போதும், வேறு சொந்த விவரம் எதையும் அவர்கள் கேட்க முடியாது. நாலு சாதிக்காரரும் அந்த நாலு பேரில் இருந்தால் ரொம்ப நல்லது. நம்ம ஊரில் எந்தக் கேள்வியையும் "அவன் ஆள் நம்ம ஆளைக் கேட்கிறான்" என்று திருப்பிவிட அரை நாள் போதும், அதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனுவைப் போட்டுவிட்டு காண்ட்ராக்டரிடம் போய்ப் பேரம் பேசி வாங்கித் தின்கிற ஆட்கள் ஒன்றியத்துக்கு ஒன்றியம் உண்டு. ஒரு தடவை அந்தக் காசில் பிரியாணி சாப்பிட்டுவிட்டால் அப்புறம் ஊரில் உங்கள் மனுவுக்கு மதிப்பு கிடையாது.

தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் தானே நின்று வாதாடி 2010-ல் தடை வாங்கியவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரரான இரா. நல்லகண்ணு. அப்போது அவருக்கு 85 வயது. இருபத்திரண்டு வயதில் "டயர்டா இருக்கு" என்று சொல்கிற தம்பிகளிடம் வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஓட்டு

ஓட்டைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன், அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நிற்கிற ஒவ்வொருவரும் தன் சொத்து, கடன், தன் மேல் உள்ள வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். வாக்காளருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்தது. கட்சிகளுக்கு யார் பணம் கொடுத்தார் என்று மறைத்து வைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-ல் ரத்து செய்ததற்கும் அதே உரிமைதான் அடிப்படை. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பிரமாணப் பத்திரம் கிடைக்கும், போன தடவை கொடுத்ததையும் இந்தத் தடவை கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், நல்ல பொழுதுபோக்கு.

ஊராட்சியில் நிற்க 21 வயது போதும். தென்காசி பிரிந்ததால் நம் பக்கத்து மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதில் வெங்கடாம்பட்டியில் அப்போதுதான் இருபதைத் தாண்டிய ஒரு பெண்ணும், சிவந்திப்பட்டியில் 90 வயதுப் பாட்டியும் தலைவர்களாக ஜெயித்தார்கள். ஊராட்சித் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிப் பணம் வெளியே வரும், ஆகவே துணைத் தலைவர் யார் என்பதையும் கவனியுங்கள். எம்-புக்கைப் படிக்கத் தெரிந்த நாலு பேர் ஊரில் இருந்து, அதில் ஒருத்தர் வார்டு உறுப்பினராகவாவது நின்றால், டெண்டர் எடுக்கும்போதே பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக நாள் கணக்கு. அக்டோபர் 2 கிராம சபைக்கு நகல் கையில் இருக்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் கடைசிக்குள் மனு போயிருக்க வேண்டும், ஆபீஸ் இழுத்தடித்து முதல் மேல்முறையீடு வரை போகும் என்று தோன்றினால் ஜூலை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். குளத்து வேலை என்றால் இன்னும் முன்னால், குளம் வற்றிக் கிடக்கிற சித்திரை வைகாசியிலேயே கேட்டு வாங்கி, தண்ணீர் வருவதற்குள் இறங்கி அளந்துவிட வேண்டும். ஸ்டாம்பு வெண்டர் சனிக்கிழமை பெரும்பாலும் இருக்க மாட்டார், வேலை நாளில் போங்கள்.